மூக்கைத் தூக்கி நின்ற கார்

ஐம்பதுகளின் கடைசியில், கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில், தேயிலைத் தொழிற்சாலையில் தூளைச் சலித்துத் தரம் பிரிக்கும் சலிப்பு அறையில் எனக்கு வேலை. கையில் ஒரு பழைய கார் இருந்தது. ஓட்டத்தான் வாங்கினேன், ஆனால் அதன் அடியில் படுத்துக் கிடந்த நேரமே அதிகம். என்ஜின் எண்ணெய் ஒழுகும். எங்கே நிறுத்தினாலும் தரையில் ஒரு கறுப்பு வட்டம்.

என் வீட்டு வாசலுக்கும் தொழிற்சாலைச் சுவருக்கும் பத்தடி தூரம்தான். அதுதான் வினையாய்ப் போயிற்று. தேயிலைக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு திங்கட்கிழமை வாசலுக்கே வந்துவிட்டார்.

“தம்பி, தேயிலை பக்கத்தில இருக்கிற மணத்தையெல்லாம் உறிஞ்சிப்போடும். கொழும்பில ருசி பாக்கிறவன் எண்ணெய் மணக்குது எண்டு துப்பினால், பதில் சொல்லுறது நான். சனிக்கிழமைக்குள்ள ஒழுக்கை நிப்பாட்டும். இல்லாட்டி இந்தக் கார் தோட்டத்துக்குள்ள நிக்கக்கூடாது.”

கடைவீதியில் விட்டால் ஒரு வாரத்தில் ஹார்ன்கூட மிஞ்சாது. காரே போன மாதிரிதான்.

சொட்டு என்ஜினின் பின்பக்கம் விழுந்தது. ஆகவே அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டிதான் ஒழுகுகிறது என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை வேலை விட்டு வந்து, சக்கரத்துக்குக் கல் வைத்து, தொட்டியைக் கழற்றி, இடுக்கை அடைக்க அட்டையில் கேஸ்கட் வெட்டி மாட்டினேன். விடிந்து பார்த்தால் அதே வட்டம். புதன்கிழமை அட்டனுக்குப் போய்த் தக்கைத் தகடு வாங்கிவந்து மறுபடி கழற்றினேன். மழை வேறு. ஸ்பேனர் வழுக்கி விரல்முட்டியில் தோல் உரிந்தது. அந்த வழியாக வந்த கங்காணி குனிந்து பார்த்தார்.

“என்னப்பா, காரு வாங்குனியா, எண்ணெக் கடை வச்சியா?”

வியாழக்கிழமையும் அதே வட்டம். ஆத்திரத்தில் ஸ்பேனரை வீசினேன். அது தேயிலைச் செடிக்குள் விழுந்தது. தேடி எடுக்க அரை மணி நேரம். அதற்கும் என்னையே திட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மூன்றாம் தடவை படுக்கப் போனபோது, என் மனைவி கையில் மாவோடு வாசலில் நின்றாள்.

“ஏங்க, போத்தல சாச்சு வச்சா எண்ண எந்தப் பக்கம் போகும்? நீங்க மேட்டைப் பாத்து மூக்கைத் தூக்கி நிறுத்திட்டு, வால்ல போய்த் தேடுறீங்களே!”

சக்கரத்துக்கு வைத்த கல்லை எடுத்தேன். எங்கள் தோட்டத்தில் சமமான தரை பெரட்டுக் களம் ஒன்றுதான். காலையில் ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கும் இடம். காரை அங்கே கொண்டுபோய், என்ஜினைத் துடைத்து, ஓடவிட்டுப் பார்த்தோம். என்ஜினின் மேல்மூடியின் முன்மூலையில் எண்ணெய் மெல்லக் கசிந்தது. சரிவில் நிற்கும்போது அது பக்கவாட்டில் வழிந்து, பின்னால் போய்ச் சொட்டியிருக்கிறது. மிச்சமிருந்த தக்கையில் வெட்டி வைத்தேன். கால் மணி நேர வேலை! மூன்று நாளாக, ஒரு குறையும் இல்லாத தொட்டியோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

சனிக்கிழமை ஐயா வந்து காருக்கு அடியில் பழைய பத்திரிகையை விரித்தார். ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தார். துளிக் கறையில்லை. தலையசைத்தவர், என் பக்கம் திரும்பி மூக்கைச் சுருக்கினார்.

“கார் நிக்கட்டும். நீர் சலிப்பு அறைக்குள்ள வரவேண்டாம். நாறுது!”

சீயக்காய், எலுமிச்சை, சாம்பல் எல்லாம் தேய்த்தும் நகக்கண்ணில் ஏறிய நாற்றம் இறங்கவில்லை. பத்து நாள் விறகுக் கொட்டிலில் கட்டை அடுக்கினேன்.