முனியாண்டி படையலும் பவனேஷின் கஞ்சியும்

அன்பரசி என்ற பெண்ணைப் பற்றி எங்கள் பகுதியில் ஒரு பேச்சு உலவுகிறது. கோயில் பூசையில் புருஷனின் வேண்டுதலை உடைத்தவள் என்கிறார்கள். நான் அந்தக் கோயிலின் செயலாளர்; பக்கத்தில் நின்று பார்த்தவன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அவள் பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு அருகே செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். அப்பா குலை வெட்டியவர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தாள். லோரி ஓட்டும் செல்வாவைக் கட்டி, புக்கிட் செந்தோசாவில் குடியேறினாள். அதிர்ந்து பேசாத பெண் என்று பெயர். பிள்ளை பிறந்த பிறகுதான் அந்தப் பெயர் போனது.

பவனேஷ் மாதம் நிறையாமல் பிறந்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் அவன் கிடந்தபோது செல்வா எங்கள் தோட்டத்துக் கோயிலுக்கு ஓடிவந்து முனியாண்டியிடம் வேண்டிக்கொண்டான். பிள்ளை பிழைத்தால், ஒரு வயதில் முடி இறக்கும்வரை அவன் வாயில் மச்சம் படாது. மீன், கோழி, முட்டை எதுவும் கிடையாது. மனைவியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் அப்போது தையல் போட்ட வயிற்றோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள்.

ஆறு மாதத்துக்குப் பிறகு அரிசிக் கஞ்சி, பூசணி, பாசிப்பருப்பு என்று ஒவ்வொன்றாக, ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் ஊட்டினாள். எட்டாம் மாதம் மருந்தகத்தில் ரத்தம் சோதித்தார்கள். தாதி கங்கா மிஸ்ஸி முகத்தைச் சுளித்தார்.

"ரத்தம் ரொம்பக் கம்மிலா. முந்திப் பொறந்த பிள்ளை, ஒடம்புல சேமிப்பே இல்ல. சொட்டு மருந்து தரேன். ஆனா சாப்பாடும் வேணும். கோழி ஈரல், மீன், முட்டை, நல்லா வேகவச்சு மசிச்சுக் கொடு. ஏன் இன்னும் கொடுக்கல?"

அன்பரசி மருந்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மிஸ்ஸி சொன்னதைச் செல்வாவிடம் சொன்னாள்.

"இன்னும் நாலு மாசந்தானே?" என்றான் செல்வா. "நாங்கல்லாம் தேத்தண்ணியில பிஸ்கட்ட முக்கித் தின்னு வளந்தவங்கதான்."

"போன ஞாயித்துக்கெழம சுங்கை செம்பிலாங்குல நண்டு தின்னது யாரு?"

"என் வாய்க்கா நான் வேண்டிக்கிட்டேன்?"

"அதத்தான் கேக்குறேன். வேண்டுதல் உங்களுது, பத்தியம் அவனுக்கா?"

ஒரு நாள் துணிந்து முட்டை மஞ்சள் கருவை மசித்துக் கொடுத்தாள். அந்த வாரமே பிள்ளைக்குச் சளி பிடித்தது. சளி பிடிக்காத குழந்தை எந்த ஊரில் இருக்கிறது? "பாத்தியா, சாமி காட்டிட்டாரு" என்று செல்வா முட்டைத் தட்டையே குப்பையில் கொட்டினான். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட அவன் அக்காள் நவமணி, இனி மச்சம் கொடுத்தால் பிள்ளையைத் தொடமாட்டேன் என்றாள். அவள் பார்க்காவிட்டால் அன்பரசி வேலைக்குப் போக முடியாது.

இதில் எனக்கு ஆத்திரம் வருவது எங்கே தெரியுமா? அந்த முனியாண்டிக்கு நாங்கள் படைப்பது சேவல், அவித்த முட்டை, சுருட்டு, பீர். அவர் பெயரைச் சொல்லித்தான் ஒரு நோஞ்சான் பிள்ளையைப் பட்டினி போட்டார்கள். வேண்டியவன் தன் சுருட்டைக்கூட விடவில்லை.

பூசை நாள் வந்தது. மசாலா சேர்க்காமல் வேகவைத்த ஈரலைச் சாமிக்குத் தனியாக வைப்பது எங்கள் கோயில் வழக்கம். தீபாராதனை முடிந்ததும் அன்பரசி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு பூசாரி சன்னாசியின் முன்னால் வந்து நின்றாள்.

"பூசாரி ஐயா, சாமி சாப்பிட்டாச்சா?"

"ஆச்சும்மா."

"அப்ப இது பிரசாதந்தானே? எம்புள்ளைக்கு ஒரு துண்டு ஈரல் கொடுங்க."

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு செல்வா ஓடிவந்தான். "ஏய்! வேண்டுதல் இருக்குடி!"

"யாருகிட்ட வேண்டிக்கிட்டீங்களோ அவரு எலையிலேருந்துதான் கேக்குறேன். வேணாம்னு அவர வந்து சொல்லச் சொல்லுங்க!"

"அவரு இன்னும் பீரையே முடிக்கலலா, எங்க பேசுவாரு!" என்று பின்னாலிருந்து எவனோ சொன்னான். கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. கை நீட்டியபடியே நின்றாள். சன்னாசி செல்வாவைப் பார்த்தார். பிரசாதம் கேட்பவருக்கு இல்லையென்று சொன்ன பூசாரி எங்கள் கோயிலில் கிடையாது. ஒரு துண்டை எடுத்து அவள் கையில் வைத்தார்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து, ஈரலைக் கட்டி இல்லாமல் விரலால் நசுக்கி, கஞ்சியில் குழைத்து ஊட்டினாள். பவனேஷ் முதல் வாயைத் துப்பினான். இரண்டாவதை விழுங்கிவிட்டு வாயைத் திறந்தான். செல்வா விருந்து சாப்பிடாமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நவமணி சொன்னபடியே பிள்ளையைப் பார்க்க வராமல் நின்றுகொண்டாள். அன்பரசி, செல்வா வீட்டில் இருக்கும் இரவு நேர ஷிப்டுக்கு மாறி, பகலில் தானே சமைத்து ஊட்டினாள். செல்வா தடுக்கவில்லை, பேசவுமில்லை. அடுத்த சோதனையில் ரத்தம் ஏறியிருந்தது. சீட்டைக் கண்டதும்தான் அவனுக்கு வாய் வந்தது.

"பாத்தியா? முனியாண்டி காப்பாத்திட்டாரு!"

அவள் கோபம் இன்னும் இறங்கவில்லை.

"காப்பாத்தட்டும். நீங்க எந்திரிச்சுப் போயி முள்ளு கம்மியான மீனாப் பாத்து வாங்கிட்டு வாங்க. பிள்ளைக்குப் பசி நேரமாச்சு."