பன்னிரண்டு கோடுகள்

எங்கள் கடல் ஆராய்ச்சிக் கூடத்தின் மென்பொருள் மேதை வேறு யாருமில்லை, என் அக்கா புருஷன்தான். எந்தக் கடையில் எத்தனை செருப்பு விற்கும் என்று கணித்துக்கொண்டிருந்தவர், ஆறு வருடம் முன்பு மீன்களைக் கணிக்க வந்தார். படகில் கால் வைத்தால் வாந்தி. அவர் தினமும் கடலைப் பார்ப்பது கம்ப்யூட்டர் திரையின் பின்னணிப் படத்தில். ஏசி அறையில் ஸ்வெட்டரோடு உட்கார்ந்து, "டேட்டா பேசும்" என்பார். யார் வாயால் என்று கேட்டால் கோபம் வரும்.

நான் முக்குளிப்பவள். விரிகுடாவில் பன்னிரண்டு இடங்களில் இறங்கி, மீன்குஞ்சுகளை எண்ணி, பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் எழுதுவேன். ஒரு மீன்கூட இல்லையென்றால் கட்டத்தில் ஒரு கோடு. தண்ணீர் கலங்கி எண்ண முடியாமல் போனால் கட்டம் காலி. பதினெட்டு வருடமாக எங்கள் வழக்கம் இதுதான். மேதை ஒருநாளும் கேட்டதில்லை.

விரிகுடாவில் வலை போடத் தடை இருந்தது. அதை நீக்கலாமா என்று இந்த வருடம் மேலிடத்திலிருந்து எங்கள் கூடத்தைக் கேட்டார்கள்; முடிவு செய்ய ஒரு கூட்டமும் வைத்தார்கள். அத்தானின் வரைபடத்தில் மீன்கள் பெருகிக்கொண்டே போயின. நான் பார்த்த கடல் அது இல்லை. நேரே அவர் அறைக்குப் போனேன்.

"அத்தான், நான் போட்ட கோடெல்லாம் எங்கே?"

"அதுவா? நம்பர் இல்லாததெல்லாம் குப்பைம்மா. புரோகிராமே தூக்கிடும்."

"குப்பையா? அங்க மீனே இல்லன்னு அர்த்தம். மீன் இருக்கிற இடத்தை மட்டும் வச்சு சராசரி போட்டா ஏறாம என்ன செய்யும்?"

அவர் முகம் வெளிறியது. கோடுகளைச் சேர்த்துத் திரும்பக் கணக்குப் போட்டார். வரைபடம் தலைகுப்புற விழுந்தது.

"நாளைக்குக் கூட்டத்துல சொல்லிடறேன். உங்க அக்காகிட்ட மட்டும் சொல்லாதே."

முக்குளிப்பவர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை, ஈரக்காலோடு வருவோமாம். மேதை போனார், கைதட்டல் வாங்கினார், வாயைத் திறக்கவில்லை. "டைரக்டர் அவ்வளவு பாராட்டிட்டு இருக்கும்போது எப்படிம்மா..." என்று என்னிடம் இழுத்தார். நானே டைரக்டரிடம் போனேன். "அத்தான் மச்சினி சண்டையை வீட்டோட வச்சுக்கங்க" என்றார். தடை நீங்கியது. அத்தானை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை.

மூன்று மாதம் வலைகள் அரித்தெடுத்த பிறகு இறங்கினேன். பன்னிரண்டு இடங்களிலும் தண்ணீர் தெளிவாக இருந்தது. பலகையைக் கொண்டுபோய் அத்தான் மேஜையில் வைத்தேன். எல்லாக் கட்டத்திலும் கோடு.

அவர் பலகையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். கோட்டுக்கு ஒரு பூஜ்யமாக, பன்னிரண்டையும் ஒன்றுவிடாமல் தட்டினார். இப்போது அவர் கணக்கில் ஒரு தப்பும் இல்லை.