பச்சை வரும் வரை

எங்கள் அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்கள் யாரும் முதலில் முகத்தைப் பார்த்ததில்லை, கையைத்தான் பார்த்தார்கள். ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் லேபில் அவளுக்கு வேலை. அங்கே ஏதோ ஒரு மருந்து பட்டு, வலது கை விரல் நுனிகள் எப்போதும் காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்கும். எந்த சோப்புக்கும் போகாது. ஒவ்வொரு முறையும் அதை மறைக்க அம்மா மருதாணி அரைத்துப் பூசிவிடுவாள். சிவந்த விரல்களின் நுனியில் அந்தக் கறை இன்னும் எடுப்பாகத் தெரியும்.

எனக்கோ அந்த விரல்கள் என்றால் உயிர். அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பாவின் தங்கையான அத்தை எங்களோடுதான் இருந்தாள். ஒரு லீவு நாளில் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் லேபுக்குள் நுழைந்துவிட்டேன். வாசலிலேயே நிறுத்தி, என் மூக்கின் மேல் ஒரு பெரிய பிளாஸ்டிக் கண்ணாடியை மாட்டினாள். "கைய பின்னாடி கட்டிக்கினு பாரு. இன்னா பாத்தாலும் தொடக் கூடாது" என்றாள். மெல்லிய புட்டி ஒன்றை அவள் அமுக்கினால் வளைந்த குழாயிலிருந்து நூல்போலத் தண்ணீர் வந்தது. குடுவையின் கழுத்தில் ஒரு கோடு. அதுவரை சொட்டுச் சொட்டாக விட்டு, கோட்டைக் கண் மட்டத்தில் பார்ப்பதற்காகத் தரையில் முட்டி போட்டாள். எங்கள் வீட்டில் சாமிக்குக்கூட யாரும் அவ்வளவு சிரத்தையாக முட்டி போட்டு நான் பார்த்ததில்லை. பெரியவள் ஆனால் எனக்கும் விரல் கறுக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

வரன்கள் வந்தன, போயின. கல்யாணம் ஆனதும் வேலையை விட்டுவிட வேண்டும் என்பது எல்லோருடைய நிபந்தனை. விட மாட்டேன் என்பது அத்தையின் பதில். குடியாத்தத்திலிருந்து வந்த வரன் மட்டும் வேறு மாதிரி. அந்த மாப்பிள்ளை, தரகர் மூலமாகத் தானே சொல்லி அனுப்பியிருந்தார், அவங்க தாராளமா வேலைக்குப் போகட்டும் என்று. எந்தப் போட்டோவையும் ஏறெடுத்துப் பார்க்காத அத்தை, அவருடைய போட்டோவைத் தன் லேப் நோட்டுக்குள் வைத்திருந்தாள். அதை நான் பார்த்துவிட்டது தெரிந்ததும், கேட்காமலே எனக்கு ஒரு ஐஸ்கிரீம் கிடைத்தது.

அவர்கள் வருவதாக இருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகு காலம் தொடங்குவதால் அதற்குள் பெண் பார்த்துவிட வேண்டும். வீட்டுக்குப் புதிதாக வெள்ளையடித்தாகிவிட்டது. அம்மாவின் கல்யாணப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு அத்தை உள்ளறையில் உட்கார்ந்திருந்தாள். அம்மா கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள், அப்பா விருந்தாளிகளுக்கு ஜூஸ் போட எலுமிச்சம்பழம் உருட்டிக்கொண்டிருந்தார். என்னையும் ஐந்து வயதுத் தம்பியையும் மேய்க்க ஆளில்லை.

பின்கட்டில், வெள்ளையடித்தது போக மிச்சமிருந்த சுண்ணாம்பு ஒரு வாளியில் இருந்தது. அதைவிட நல்ல லேப் ஊரில் உண்டா? தக்காளி சாஸ் வந்த பிளாஸ்டிக் புட்டியில் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினேன். கண்ணுக்குப் போட அப்பாவின் கூலிங் கிளாஸ் ஒன்றுதான் கிடைத்தது. லேபுக்கு நான்தான் பெரிய ஆள் என்பதால் அதை நான் மாட்டிக்கொண்டேன். எதிரே தம்பி டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அமுக்கினேன், வரவில்லை. புட்டியின் மூக்கில் சுண்ணாம்புக் கட்டி அடைத்திருந்தது. பலம் கொண்ட மட்டும் அமுக்கினேன். மூடியோடு பிய்த்துக்கொண்டு சுண்ணாம்பு அவன் வலது கண்ணில் போய் அடித்தது.

அவன் அலறலில் வீடே பின்கட்டுக்கு வந்தது. முதலில் வந்தவர் அப்பா. அவர் ஒரு தோல் தொழிற்சாலையில் சுண்ணாம்புப் பிரிவில் இருபது வருஷமாக வேலை செய்கிறவர். முடி கழிவதற்காகச் சுண்ணாம்பில் ஊறிய தோலை, பிறகு ஆசிட் விட்டுத்தான் சரி செய்வார்கள். சுண்ணாம்பை ஆசிட்தான் அடிக்கும் என்பது அவர் கையிலேயே ஊறிப்போன பாடம். ஒரு நொடிகூட யோசிக்காமல், நறுக்கிய எலுமிச்சை மூடியைத் தம்பியின் கண்ணுக்கு நேராகக் கொண்டுபோனார்.

"அண்ணா! அது தோல் இல்ல, கண்ணு!"

அத்தைக்கு அப்படி ஒரு குரல் உண்டு என்று அதுவரை எனக்குத் தெரியாது. அவள் தட்டிவிட்டதில் எலுமிச்சை சுவரில் போய் விழுந்தது. தம்பியை அள்ளிக் குழாயடியில் மடியில் போட்டு, தலையை வலப்பக்கம் சாய்த்து, இமையை விரலால் பிரித்து, குழாயைத் திறந்துவிட்டாள். நல்ல கண்ணில் படாமல், மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாகத் தண்ணீர் ஓடியது. இமையைப் புரட்டி, நனைத்த துணி முனையால் உள்ளே ஒட்டியிருந்த துணுக்கை எடுத்தாள். பட்டுச் சேலை தொப்பலாக நனைந்தது. என்னைப் பார்த்து, "மணி பாத்துக்கினே இரு. அரை மணி நேரம் ஆனா சொல்லு" என்றாள். ஆணியிலிருந்து சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி வந்து மார்போடு பிடித்துக்கொண்டு நின்றேன். இதை யார் செய்தது என்று அவள் கேட்கவில்லை. பிறகும் ஒருநாளும் கேட்டதில்லை.

பத்து நிமிஷத்தில் தம்பி அழுகையைக் குறைத்தான். வாசலில் கார் வந்து நின்றது.

"போதும்மா, நீ போய் சேலைய மாத்து. நான் புடிச்சிக்கிறேன்" என்றாள் அம்மா.

"ஆவாது அண்ணி. சுண்ணாம்பு சீக்கிரத்துல போகாது. என் பையில சின்னப் புக்கு மாதிரி ஒரு பேப்பர் கட்டு இருக்கும், எட்த்தாங்க."

அதிலிருந்து ஒரு தாளைக் கிழித்துத் தம்பியின் இமையோரம் ஒற்றினாள். தாள் நீலமானது. "நீலம்னா சுண்ணாம்பு இன்னும் இருக்கு. பச்சை வரணும்" என்றாள். அந்த நேரம் பார்த்துக் குழாயில் தண்ணீர் மெலிந்தது. விருந்தாளிகளுக்காக வாங்கி வைத்த கேன் தண்ணீர் வந்தது, அதுவும் தம்பியின் கண் வழியாகவே ஓடியது.

மாப்பிள்ளையின் அம்மா பின்வாசல் வரை வந்து பார்த்தார். அவிழ்ந்த கொண்டையும் நனைந்த சேலையுமாக அத்தை அப்பாவை அதட்டிக்கொண்டிருந்தாள், "ண்ணா, நிக்காத! போய் ஆட்டோ கூப்டு!" என்று. போட்டோவில் பார்த்த மாப்பிள்ளையும் தன் அம்மாவின் பின்னால் வந்தார். உதவுவதற்கோ என்னவோ, படியில் ஒரு கால் வைத்தார். "நீ உள்ள வாப்பா" என்று அவர் அம்மா சொன்னதும் அந்தக் கால் திரும்பிப் போய்விட்டது. அத்தை அதைப் பார்த்தாளா என்று தெரியாது. இமையைப் பிரித்துப் பிடித்த விரல்கள் மட்டும் அசையவில்லை. கறை படிந்த விரல்கள், மருதாணியோடு. உலகத்திலேயே அழகான கை அதுதான் என்று எனக்குத் தோன்றியது, இன்றைக்கும் அப்படித்தான்.

"அரை மணி ஆயிடுச்சி" என்றேன். இன்னொரு தாள். பச்சை. அப்புறம்கூட அவள் சேலை மாற்றவில்லை. தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு, கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி, ஈரம் சொட்டச் சொட்ட ஆட்டோவில் ஏறினாள். நானும் கடிகாரத்தோடு ஏறிவிட்டேன்.

கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "யாரு கழுவுனது?" என்றார். அவர் திட்டப்போகிறார் என்பதுபோல் அத்தை கையை உயர்த்தினாள். "கழுவாம இங்க தூக்கினு ஓடியாந்திருந்தா இந்தக் கண்ணு போயிருக்கும்மா" என்றார் அவர். இன்று தம்பி கண்ணாடிகூடப் போடாமல் ஏலகிரி வளைவுகளில் பைக் ஓட்டுகிறான்.

வீடு திரும்பியபோது கேசரித் தட்டுகள் வைத்தது வைத்தபடி இருந்தன. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "போய்ட்டாங்கம்மா. சகுனம் சரியில்லையாம். பொண்ணுக்கு சத்தமும் ஜாஸ்தியாம்."

"சரிண்ணா" என்றாள் அத்தை.

கொஞ்ச நேரம் கழித்து அவளைத் தேடிப் பின்கட்டுக்குப் போனேன். துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். கண்கள் சிவந்து நீர் இறங்கிக்கொண்டிருந்தது. சுண்ணாம்பு இவள் கண்ணிலும் தெறித்திருக்கிறது, யாருமே கவனிக்கவில்லை! உள்ளே ஓடித் தாள் கட்டை எடுத்து வந்து, ஒன்றைக் கிழித்து, அவள் செய்தது போலவே இமையோரம் ஒற்றினேன். அவள் தடுக்கவில்லை.

"அத்தை, பச்சை! உனக்கு ஒண்ணும் இல்ல!" என்று குதித்தேன்.

அவள் தாளை வாங்கி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, தாள் கட்டின் அட்டையில் அச்சிட்டிருந்த நிறங்களோடு வைத்துப் பார்த்தாள். லேபில் பார்ப்பாளே, அதே சிரத்தையோடு. பிறகு, "ஆமா, கரெக்டா பாத்திருக்க" என்று என் தலையில் கை வைத்தாள்.

ஒரே நாளில் இரண்டு பேர் கண்ணைச் சோதித்து, இருவருக்கும் ஒன்றுமில்லை என்று கண்டுபிடித்தாகிவிட்டது. அந்தப் பெருமையோடு கடிகாரத்தை அதன் ஆணியில் மாட்டிவிட்டு, தொடப்படாமல் இருந்த கேசரியில் ஒரு தட்டை எடுத்துச் சாப்பிடத் தொடங்கினேன்.