விஜயராணி மேலே ஒட்டிய சீட்டு

விஜயராணி பசியை மறப்பாள், பஸ் பாஸை மறப்பாள், தனக்குத் தீங்கு செய்தவனை மட்டும் மறக்க மாட்டாள். தாராவியில் எங்கள் சந்து முழுக்க இது தெரியும். ஜெயகணேஷுக்குத் தெரியாமல் போனது அவருடைய கெட்ட நேரம்.

நானும் அவளும் செம்பூரில் ஒரே கம்பெனியில் வேலை. ஆஸ்பத்திரி பில்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இன்ஷூரன்ஸுக்கு அனுப்ப வேண்டும். விஜயராணிக்கு அடுத்த நாற்காலி ஷமீமாவுக்கு. ஷமீமா ஆண்டாப் ஹில்காரி, பூர்வீகம் கடையநல்லூர். இவள் சாப்பாட்டு டப்பாவை அவள் காலி செய்வாள், அவள் டப்பாவை இவள். சூப்பர்வைசர் ஜெயகணேஷும் தாராவியில் பிறந்தவர்தான். முலுண்டில் ஃப்ளாட் வாங்கியதும் அது அவருக்கு மறந்துவிட்டது. எங்கள் தமிழைக் கேட்டால் முகத்தைச் சுளிப்பார்.

போன வருஷம் ஆபீஸுக்கு ரோபோ வந்தது. கைகால் முளைத்த இரும்பு மனிதன் என்று நினைத்துவிடாதீர்கள். கம்ப்யூட்டருக்குள்ளேயே இருந்துகொண்டு, நாம் கிளிக் செய்வதைத் தானே செய்யும் புரோகிராம், அவ்வளவுதான். முதலில் பில் ஏற்றுகிற வேலையை அதற்குக் கொடுத்தார்கள். இரண்டு பேர் பார்த்த இடத்தில் ஒருத்தி போதும் என்றானது. எதிர்த்துப் பேசுகிறவள் என்று ஷமீமாவை அனுப்பிவிட்டார் ஜெயகணேஷ். அனுப்பியதோடு விட்டாரா? “உன் பேரைக் கொடுத்ததே விஜயராணிதான்” என்று அவளிடம் சொல்லியும் வைத்தார். பழியைத் தூக்கி இவள் தலையில் போட்ட அந்த வாய்க்கு என்ன பெயர் சொல்வது!

அன்றிலிருந்து ஷமீமா போனை எடுக்கவில்லை. விஜயராணி அழவில்லை. கறுவினாள்.

யானைக்கொரு காலம் வந்தால் பூனைக்கொரு காலம் வரும். ரோபோ டீமின் தலைவி வந்தனா, வேலை தெரிந்த ஆள் வேண்டுமென்று விஜயராணியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அந்த டீமின் வழக்கமே வேறு. தினமும் காலையில் ஒரு பலகை முன்னால் நின்றுகொண்டே பேசுவார்கள். அடுத்து ரோபோவுக்கு எந்த வேலை என்பதைச் சீட்டில் எழுதிப் பலகையில் ஒட்டுவார்கள். மேலே இருக்கும் சீட்டைத்தான் முதலில் எடுப்பார்கள். இரண்டு வாரம் ஒரு தவணை, அதை ஸ்பிரிண்ட் என்பார்கள். அது முடிந்ததும் செய்ததை ஆபீஸில் எல்லாரையும் கூட்டிவைத்து டெமோ காட்ட வேண்டும். சீட்டுகளை வரிசைப்படுத்தும் பொறுப்பு விஜயராணிக்கு வந்தது.

வந்ததும் அவள் மேலே ஒட்டியது ஜெயகணேஷின் வேலையை. பில்களைச் சரிபார்த்து ஒப்புதல் கொடுக்கும் வேலை.

“ஒவ்வொரு ஃபைலயும் நான் படிச்சுப் பாக்கேன். அதுக்கு மூளை வேணும்மா. மெஷினுக்கு எங்க இருக்கு?” என்று பலகை முன்னால் நின்று நெஞ்சை நிமிர்த்தினார் அவர்.

“அதத்தான் சார் நாங்களும் பாக்கணும். நீங்க செய்யதை ஸ்க்ரீன்ல ரெக்கார்டு பண்ணிக்கிடட்டா?” என்றாள் விஜயராணி, பவ்யமாக.

நுணலும் தன் வாயால் கெடும். தாராளமாகச் செய் என்றார். முதல் நாள் ஃபைல்களைத் திறந்து படித்தார். மறுநாளே பழைய பழக்கம் வந்துவிட்டது, ரெக்கார்டு ஓடுவதும் மறந்துவிட்டது.

டெமோவுக்கு முன்னால் அந்தப் பதிவைச் சம்பந்தப்பட்டவருக்குப் போட்டுக் காட்டுவது டீமின் மரியாதை. வந்தனா கேட்டபோது, “காட்டிட்டேன்” என்றாள் விஜயராணி. காட்டவில்லை.

டெமோ அன்று முதலாளி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். திரையின் ஒரு பாதியில் ஜெயகணேஷ் வேலை செய்யும் விதம், மறு பாதியில் ரோபோ. ஜெயகணேஷின் மவுஸ் அம்புக்குறி ஒரு ஃபைலைக்கூடத் திறக்கவில்லை. ‘சரி’, ‘சரி’, நடுவில் ஷேர் மார்க்கெட், மறுபடி ‘சரி’. ரோபோவும் அதையே செய்தது, ஷேர் மார்க்கெட் மட்டும் பார்க்கவில்லை. எங்களில் யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன், அதற்காக எனக்கு வருத்தமும் இல்லை. பிறகு இவருக்கு இங்கே என்ன வேலை என்று முதலாளி ஹிந்தியில் கேட்டார். மாதம் முடியுமுன் ஜெயகணேஷ் வெளியே போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே விஜயராணி மாட்டுங்காவில் ஒரு ஸ்வீட் பாக்ஸ் வாங்கிக்கொண்டு ஆண்டாப் ஹில்லுக்குப் போனாள். ஷமீமா கதவைத் திறந்தாள், உட்காரச் சொன்னாள். விஜயராணி ஒன்றுவிடாமல், கையை ஆட்டி ஆட்டிச் சொல்லி முடித்தாள்.

“சீட்டை மேல ஒட்டுனது நீயாளா?” என்றாள் ஷமீமா.

“நாந்தான்க்கா!”

“படத்தைக் காட்டிட்டேன்னு பொய் சொன்னதும்?”

“பின்ன? அவனுக்கு அது வேணும்லா?”

ஷமீமா ஸ்வீட் பாக்ஸை ஓரமாகத் தள்ளி வைத்தாள். “அந்தாளு சொன்னப்பம் கோவத்துல பேச்ச விட்டேனே தவிர, மனசு நம்பல விஜி. நம்ம பிள்ள அப்படிச் செய்ய மாட்டாள்னுதான் இருந்தேன். இப்பம் நீயே வந்து, செய்வேன்னு காட்டிட்ட.”

“அப்பம் எங்கிட்ட யாரும் யார் பேரையும் கேக்கவே இல்லக்கா. சத்தியமா.”

ஷமீமா எழுந்தாள். பிரிக்காத ஸ்வீட் பாக்ஸை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தாள்.

பஸ்ஸில் தாராவி வரும்வரை ஜெயகணேஷைத்தான் திட்டிக்கொண்டு வந்தாளாம். வேறு யாரைத் திட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.