பாவனையாளர் இல்லை என்றார்கள்

போன சனிக்கிழமை கடையின் பின்பக்க அலுமாரியை ஒதுக்கும்போது, வயர்ச் சுருள்களுக்கு அடியில் ஒரு பழைய ரவுட்டர் அகப்பட்டது. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய பெட்டி. ஒரு காலத்தில் வெள்ளை, இப்போது மஞ்சள். எறிய முன்னம் ஒருதரம் மின்சாரம் கொடுத்துப் பார்ப்போமே என்று கொடுத்தேன். விளக்கு எரிவதற்குள் மணம் வந்துவிட்டது. உள்ளே படிந்த தூசி சூடாகும் மணம்.

அந்த மணம் முதலில் கொண்டுபோனது விசுவமடுவுக்கு. மின்சாரம் இல்லாமல் சைக்கிள் டைனமோவில் அப்பா ரேடியோ கேட்ட காலம். அந்த ரேடியோவிலும் இதே மணம். அவர் காதைக் கொடுப்பார், நான் பெடலை மிதிப்பேன். செய்தி சூடுபிடிக்கும் இடத்தில் என் கால் ஓய்ந்துவிடும், வாசிப்பவரின் குரல் இழுபட்டுச் சாகும். அப்பா திட்டமாட்டார், பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் நான் பிறகு தொடர்பாடல் படித்தேனோ தெரியாது. சரி, அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது ரவுட்டர் கதை.

கிளிநொச்சியில் ஒரு சிறிய கணினித் திருத்தகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. என்னோடு வேலை செய்தவர் ராஜ்குமார் அண்ணா. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பம், வீட்டுப் பேச்சு அப்படியே இருந்தது. உயரத்தில் ஏறுகிற வேலையெல்லாம் அவருக்கு, திரையின் முன் குந்தியிருக்கிற வேலையெல்லாம் எனக்கு. நாங்கள் இரண்டு பேருமாக ஓர் இணைப்புப் போட்டிருந்தோம். வெளிநாட்டிலிருந்து யாரோ அனுப்பிய பழைய ரவுட்டர்கள் மூன்று. ஒன்றைப் பரந்தன் பக்கம் ஒரு தண்ணீர்த் தாங்கியின் உச்சியில் கட்டினோம், கடையிலிருந்து அதுவரை தொலைபேசிக் கம்பி இணைப்பு இருந்தது. இன்னொன்று பூநகரியில் பள்ளிக்கூடக் கூரையில். மூன்றாவது மேசையில், பழுதுபார்க்க. இடையில் வயலும் வெட்டையும், மறைக்க ஒரு பனை கூட இல்லாத நேர்கோடு.

பூநகரியில் உயர்தரப் பரீட்சைக்கு இணைந்த கணிதம் படிப்பிக்க ஆளில்லை. கிளிநொச்சியில் ஒரு சேர் இருந்தார், ஆனால் பஸ்ஸை நம்பி அவரால் போய்வர முடியாது. அதனால் பின்னேரங்களில் அவர் எங்கள் கடையின் மூலையில் இருந்து படிப்பிப்பார், பூநகரியில் பதினொரு பிள்ளைகள் திரையில் பார்ப்பார்கள். அந்தப் பிள்ளைகளைக் கூட்டி வைத்திருந்தவர் யோகராணி ரீச்சர். பௌதிகம் படிப்பித்தவா. மெலிந்த ஆள், பெரிய குரல்.

அந்த இணைப்பைக் கெடுத்தது நான்தான்.

ரவுட்டருக்குள் ஓடிய கேர்னல் பழையது. கேர்னல் என்றால் கருவியை உள்ளிருந்து ஆளுகிற அடிப்படை நிரல். உலகத்தின் பல மூலைகளில் இருப்பவர்கள் சேர்ந்து எழுதுவது, எவரும் எடுத்துப் பாவிக்கலாம். (எங்கள் பக்கத்தில் இந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்லக்கூடாது, படைகளில் இதே ஒலியில் ஒரு பதவி இருக்கிறது. ஒருமுறை பஸ்ஸில் போனில், "கேர்னலை மாத்தினாத்தான் சரிவரும்" என்றேன். முன் ஆசனத்துக் கிழவர் திரும்பிப் பார்த்துவிட்டு, அடுத்த தரிப்பிடத்தில் இடம் மாறி இருந்தார்.) பழைய கேர்னல் பாடத்தின் நடுவில் உறைந்துவிடும், ராஜ்குமார் அண்ணா தாங்கியில் ஏறி நிறுத்திப் போடவேண்டும். புதியதை ஏற்றினால் அது தீரும் என்று வாசித்திருந்தேன். ஏற்றினேன். உறைவது நின்றது. கூடவே பாடமும் நின்றது.

வேடிக்கை என்னவென்றால் இணைப்பு இருந்தது. சின்னச் செய்தி அனுப்பினால் உடனே பதில் வரும். சேரின் முகத்தை அனுப்பினால் மட்டும் வாய் திறந்தபடி நின்றுவிடும்.

யோகராணி ரீச்சர் போன் எடுத்தா. "பிள்ளை, நீர் என்ன செய்தனீர்?"

"நான் புதுசு ஏத்தினனான் ரீச்சர். சரிப்பண்ணித் தாறன்."

"சோதினைக்கு ரெண்டு மாசம்தான் கிடக்கு. எப்ப சரிவரும்?"

பழையதையே திரும்பப் போட்டேன். அது தன் குணத்தைக் காட்டியது, அந்த வாரத்தில் மட்டும் மூன்று பாடம் பாதியில் போயிற்று. புதிய கருவிகள் வந்துசேரப் பரீட்சையே முடிந்துவிடும்.

ஆகவே தேடத் தொடங்கினேன். மேசையிலிருந்த மூன்றாவது ரவுட்டரில் புதிய கேர்னலை ஏற்றி, ராஜ்குமார் அண்ணாவை அடுத்த கணினியில் இருத்தி, அதற்குள் தரவை வாரி இறைக்கச் சொன்னேன். கேர்னலின் உள்ளே ஓர் எண்ணி இருக்கிறது. செயலி எத்தனை தரம் இடறியது என்று அது எண்ணிக்கொண்டே இருக்கும். தற்செயலாகத்தான் அதைத் திறந்தேன். இலக்கங்கள் பாய்ந்தன. கடைசி மூன்று இலக்கங்களைக் கண்ணால் பிடிக்க முடியவில்லை.

"அண்ணா, நிப்பாட்டுங்கோ."

அவர் நிறுத்தினார். எண்ணியும் நின்றது.

"திரும்ப அனுப்புங்கோ."

மீண்டும் பாய்ந்தது. நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். இப்போது எழுதும்போதும் கை கொஞ்சம் வேகமாகத்தான் ஓடுகிறது.

நடந்தது இதுதான். நினைவகத்தை நான்கு நான்கு இருக்கைகளாக வைத்த வரிசைகள் என்று நினையுங்கள். புதிய செயலிகள் எந்த இருக்கையில் தொடங்கியும் நான்கை ஒரே அள்ளாக அள்ளும். எங்கள் பழைய செயலிக்கு அது ஏலாது, வரிசையின் முதல் இருக்கையில்தான் தொடங்கவேண்டும். நடுவில் தொடங்கச் சொன்னால் வேலையை அப்படியே விட்டுவிட்டு, கேர்னலைக் கூப்பிட்டு, ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தரச்சொல்லும். வலையமைப்புப் பகுதியில் யாரோ புதிதாக எழுதிய வரிகள் வருகிற தரவின் ஒவ்வொரு பொதிக்கும் நடுவிலிருந்து அள்ளச் சொல்லின. சின்னச் செய்தியில் அது தெரியாது. ஒரு முழுப் பாடம் வந்தால் செயலி மூச்சுத் திணறிவிடும்.

கேர்னல் எழுதுபவர்களின் மின்னஞ்சல் குழுவுக்கு எழுதினேன். என் ஆங்கிலத்தை நான்கு தரம் திருத்தினேன், அப்படியும் முதல் வரியிலேயே பிழை. அடுத்த நாள் காலையில் பதில் வந்திருந்தது, அந்தப் பிழையான வரிகளை எழுதியவரிடமிருந்தே. மரியாதையான மனிதர்தான். இந்தச் செயலி வகை மிகப் பழையது, இதற்காக எல்லோருடைய நிரலையும் சிக்கலாக்க வேண்டாம், இதற்கான ஆதரவை முழுதாக நீக்கிவிடலாம், வருடக்கணக்காக எவரும் பரிசோதிக்கவில்லை, பாவனையாளர் எவரும் இல்லை என்றே தெரிகிறது என்று எழுதியிருந்தார். இரண்டு பேர் அதை ஆமோதித்தும் விட்டார்கள்.

நான் ராஜ்குமார் அண்ணாவுக்கு வாசித்து விளங்கப்படுத்தினேன். அவர் வயர் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஆளே இல்லன்னு எழுதியிருக்காங்களா?"

"ஓம்."

"எங்க தாத்தாவுக்கும் இப்படித்தான் ஒரு கடுதாசி வந்துச்சு. இந்த நாட்டுக் குடிமக்கள்ல உன் பேரு இல்லன்னு. அவரு பதில் போடல, எழுதத் தெரியாது." சுற்றிய வயரைக் கொக்கியில் மாட்டினார். "உங்களுக்குத் தெரியும் இல்ல தங்கச்சி? எழுதுங்க."

எழுதினேன். பதினொரு பிள்ளைகளையும், பாடத்தையும், பரீட்சையையும், தண்ணீர்த் தாங்கியையும். கேர்னலில் அந்த வலையமைப்புப் பகுதிக்குப் பொறுப்பாயிருந்த பெண்மணி, எந்த நாட்டில் இருந்தாவோ தெரியாது, இரண்டே வரியில் பதில் அனுப்பினா: பாவனையாளர் இருக்கிறார். திருத்தத்தை அனுப்புங்கள், ஆனால் மற்றவர்களுக்கு வேகம் குறையக்கூடாது.

என் முதல் திருத்தம் பொதி முழுவதையும் வேறிடத்தில் பிரதி எடுத்தது. எங்கள் ரவுட்டர் பிழைத்தது, உலகத்தின் மற்ற இயந்திரங்களெல்லாம் மெதுவாகியிருக்கும். அது நியாயமாகவே திரும்பி வந்தது. இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் காலை, பல் விளக்கும்போது உறைத்தது. நேரே அள்ளாமல், கேர்னலில் ஏற்கெனவே இருக்கும் ஒரு சின்ன வழியால் வாசித்தால் போதும். புதிய செயலியில் அது பழையபடி ஒரே அள்ளுத்தான், அவர்களுக்கு ஒரு நட்டமும் இல்லை. பழைய செயலியில் மட்டும் இடறாமல் ஒவ்வொன்றாக எடுக்கும். மாற்றவேண்டியது மூன்று வரி. வாயில் நுரையோடு ராஜ்குமார் அண்ணாவுக்குப் போன் எடுத்தேன். நான் சொன்ன ஒரு சொல்லும் அவருக்கு விளங்கவில்லையாம், ஆனாலும் வெளிக்கிட்டு வந்தார்.

பூநகரி ரவுட்டரில் ஏற்றிப் பார்க்க ஒரு சனிக்கிழமை முதல் பஸ்ஸில் போனேன். ராஜ்குமார் அண்ணா பரந்தன் தாங்கியில். யோகராணி ரீச்சர் பதினொரு பேரையும் வரச்சொல்லி இருத்தியிருந்தா.

"சும்மா படம் போட்டுப் பாத்தாக் காணும் ரீச்சர்," என்றேன்.

"படம் எதுக்கு? சேர் பாடத்தை எடுக்கட்டும். பாடம் ஓடினாத்தான் நான் நம்புவன்."

சேர் தொகையீட்டுக் கணக்கில் தொடங்கினார். முதல் நிமிடம் குரல் வந்தது. ஐந்து நிமிடம். கரும்பலகையில் அவர் எழுதும் சோக்கட்டியின் கீச்சு கூடக் கேட்டது. பின்வரிசையில் ஒரு பிள்ளை, "சேர், ரெண்டாவது வரி விளங்கேல்லை" என்றாள். அங்கே சேர் திரும்பி, "எது, இதோ?" என்று கேட்டார். கேள்வியும் பதிலும் வெட்டையைக் கடந்து போய்வந்தன. நான் எண்ணியைத் திறந்து வைத்திருந்தேன். பூச்சியம். பாடம் முடியும்வரை பூச்சியம். ரீச்சர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பூச்சியம் எண்டா நல்லதோ கூடாதோ?" என்று மெல்லக் கேட்டா. "நல்லது" என்று தலையை ஆட்டினேன்.

திருத்தம் ஏற்கப்பட்டது. எழுதியவர் என்று என் பெயர், பரிசோதித்தவர் என்று ராஜ்குமார் அண்ணாவின் பெயர். நீக்கச் சொன்ன அந்த மனிதரே சரிபார்த்ததாகக் கீழே ஒப்பமிட்டிருந்தார். அண்ணா அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போனார். அடுத்த முறை அவர் வீட்டுக்குப் போனபோது பார்த்தேன், பிறப்புச் சான்றிதழ்கள் வைக்கிற பொலித்தீன் உறைக்குள் அதுவும் இருந்தது. பிள்ளைகளில் இரண்டு பேர் பொறியியலுக்கு எடுபட்டார்கள். அது எங்களால் என்று சொல்லமாட்டேன், ஆனால் அன்றைக்குக் கடையில் கேக் வெட்டினோம்.

பிறகு பூநகரிக்குக் கைபேசிக் கோபுரம் வந்தது, கேபிள் வந்தது. எங்கள் பெட்டிகளைக் கழற்றினோம். ராஜ்குமார் அண்ணா வவுனியாவில் கடை போட்டுவிட்டார். இந்த வருடத் தொடக்கத்தில் திருத்தத்தை அனுப்பச் சொன்ன அந்தப் பெண்மணியிடமிருந்து நேரடியாக ஒரு கடிதம் வந்தது. அந்தச் செயலி வகையை இன்னமும் பாவிக்கிறீர்களா, கடைசியாகப் பரிசோதித்தவர்கள் நீங்கள்தான் என்று கேட்டிருந்தா. இல்லை, தாராளமாக நீக்கலாம் என்று எழுத எனக்கு அரைநாள் பிடித்தது. அடுத்த கிழமை நீக்கினார்கள். மாற்றங்களைக் காட்டும் பக்கத்தில் அழிக்கப்பட்ட வரிகள் சிவப்பில் வரும், பக்கம் பக்கமாக. நான் விடாமல் கீழே உருட்டிக்கொண்டே போய், என் மூன்று வரிகளையும் கண்டுபிடித்து, ஒருதரம் வாசித்துவிட்டு மூடினேன்.

இப்போது பூநகரியில் பாடம் தடைப்பட்டால் கம்பனியின் ஓர் இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாடு பதியலாம். ஒரு நாளில் சரிவந்துவிடுகிறதாம். நல்ல காரியம்தான். யார் திருத்தினார்கள் என்றுதான் அங்கே ஒருவருக்கும் தெரிவதில்லை.