ஏழாவது மருந்து

குடும்பத்தில் முதல் பட்டதாரி கமலக்கண்ணன். புதுச்சேரியில் ஆய்வு மாணவனாகி ஆறு வருஷம். 2007 பிறந்தும் முனைவர் பட்டம் கைக்கு வரவில்லை. அதற்குள், தங்கை கலைவாணி மகனின் காதுகுத்துப் பத்திரிகையில் 'தாய்மாமன்: டாக்டர் கமலக்கண்ணன்' என்று அச்சடித்து ஊர் முழுக்கக் கொடுத்துவிட்டார்கள். பஸ்ஸில் பெரியப்பா பாவாடை, "டாக்டரே, முட்டி வலிக்கு என்னா ஊசி?" என்று சத்தமாகக் கேட்க, அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொண்டான்.

பதினோரு மருந்துகள் கொழுப்பில் எவ்வளவு கரையும் என்று அளப்பது அவன் வேலை. சிலிக்கா பூசிய கண்ணாடித் தட்டைப் பாரஃபின் எண்ணெயில் தோய்த்து, அடியோரம் மருந்தைப் பொட்டு வைத்து, அசிட்டோன் கலந்த தண்ணீரில் நிறுத்துவான். ஈரம் மேலே ஏறும். எண்ணெயோடு ஒட்டும் மருந்து கீழேயே தங்கும். ஒட்டாதது ஈரத்தோடு ஓடும். புத்தகத்தில் உள்ள அளவுகளோடு ஒப்பிட்டு வரைபடம் போட்டால் பத்து மருந்துகள் ஒரே கோட்டில் நின்றன. ஏழாவது மட்டும் விலகியது. அது அமிலம்; தண்ணீரில் அயனியாகி ஓடிவிடுகிறது. தண்ணீரில் கொஞ்சம் அசிட்டிக் அமிலம் விட்டான். சமர்த்தாகக் கோட்டுக்கு வந்தது.

வழிகாட்டி சுப்பிரமணியன் முகம்தான் கோணியது. நாலு வருஷம் முன்பு அவர் வெளியிட்ட கட்டுரையில் ஏழாவதற்கு இருந்தது அந்தத் தப்பான அளவு.

"ஏழ எடுத்துட்டு பத்தோட கொண்டாப்பா. இன்னிக்கே தீசிஸ்ல கையெழுத்து. இல்லன்னா... பாக்கலாம்."

அந்தப் 'பாக்கலாம்' எவ்வளவு நீளம் என்று அவனுக்குத் தெரியும். மூத்த மாணவன் விமல்ராஜ் மூன்று வருஷமாக அதில்தான் கிடக்கிறான்.

புதுச்சேரி சாரம் பகுதியில் டைப்பிங் கடை. கடைக்காரன் கோபிநாத் அட்டவணையின் ஏழாவது வரியில் மவுஸை வைத்துக்கொண்டு, "தூக்கிடவா சார்?" என்றான். அப்போது செல் அடித்தது. கலைவாணி.

"ண்ணா, பேனர் கட்டிட்டாங்க! கோட்டு போட்டு கலெக்டராட்டம் இருக்குற!"

"அதுல டாக்டர்ன்றத எடுக்க முடியுமா?"

"ஏன்?"

"கையெழுத்து ஆவாது போலருக்கு."



"வெள்ள பேப்பர் ஒட்டுனா தனியா தெரியும்ண்ணா. எங்க மாமியார் கண்ணு மொதல்ல அங்கதான் போவும்."

"போவட்டும். ஒட்டிடு."

செல்லைச் சட்டைப்பையில் போட்டான். கோபிநாத்திடம் திரும்பினான்.

"ஏழு இருக்கட்டும். அமிலம் இல்லாம ஒண்ணு, அமிலத்தோட ஒண்ணு, ரெண்டு அளவையும் போடு."

"பக்கமெல்லாம் மாறும் சார். எப்ப வேணும்?"

"அவசரமில்ல," என்றான் கமலக்கண்ணன்.