மேலத்தெரு முனையில் பூட்டிக்கொள்ளும் சக்கரம்

வலங்கைமானில் நான் ஒர்க்‌ஷாப் வைத்து வருஷம் பல ஆகிறது. நான் கை வைத்த வண்டி அதே கோளாறோடு திரும்பி வந்தால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். வீரையன் வாத்தியாரின் மோட்டார் சைக்கிள் மூன்றாம் தடவையாக வந்து நின்றது.

வாத்தியார் தங்கமான மனுஷன். பண்ணையாள் வீட்டுப் பிள்ளை, படித்து வேலைக்கு வந்தவர். அவர்கள் தெருவில் முதல் மோட்டார் சைக்கிள் அவருடையதுதான். வீட்டில் ஒரு பிள்ளை மாதிரி அதைத் துடைத்துத் துடைத்து வைத்திருப்பார்.

"செயின் கடகடன்னு கத்துது பாய். திடீர்னு பின்சக்கரம் பூட்டிக்கிட்டு இழுக்குது" என்பார். முதலில் செயினை இறுக்கினேன். அடுத்த தடவை செயினையே மாற்றினேன். நானே மன்னார்குடி ரோட்டில் விரட்டிப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. வேகத்தில் கியரைச் சடாரென்று குறைத்துக் கிளச்சை விட்டால்தான் சக்கரம் அப்படிப் பூட்டும்.

"கியரை மிதிச்சீங்களா?"

"சத்தியமா இல்ல பாய்."

பொய் சொல்கிற ஆளும் இல்லை. எனக்கு மண்டை காய்ந்துபோனது.

இந்தத் தடவை அவர் மனைவி அம்சமும் வந்திருந்தார், முழங்காலில் கட்டோடு.

"வித்துடப் போறேன் பாய். இவளைக் கொன்னுடுவேன் போலிருக்கு." சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நேத்தும் மேலத்தெரு முனைதான்" என்றார் அம்சம். "எப்பவும் அங்கதானே நிக்குது?"

"அங்கதானா?" என்றார் வாத்தியார்.

"அட, இதை மொதல்லயே சொல்லக் கூடாதா!" என்று கத்திவிட்டேன். "நீங்க ஓட்டுங்க, நான் பின்னால உக்காந்து பாக்குறேன்."

அவர் ஊரில் மேலத்தெரு என்றால் மிராசுதார்கள் தெரு. முனை வந்ததும் அவர் கால் படபடவென்று இரண்டு கியர் இறக்கியது. செயின் அலறியது, சக்கரம் பூட்டிக்கொண்டது, வாய்க்காலில் விழாத குறை.

"மிதிச்சீங்களே வாத்தியாரே!"

"நான் எங்க மிதிச்சேன்?" தன் காலையே யாருடைய காலோ என்பதுபோல் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அப்பா இங்கதான் சைக்கிளை விட்டு எறங்குவாரு. என்னையும் எறக்கிவிட்டுட்டு, செருப்பைக் கையில எடுத்துக்குவாரு. தெருவைத் தாண்டித்தான் மறுபடி ஏறணும்."

அந்தத் தெருவில் நான் எத்தனையோ தடவை வண்டியில் போயிருக்கிறேன். என்னை யாரும் இறங்கச் சொன்னதில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"திருப்புங்க வண்டியை. காலைக் கியர் பக்கமே கொண்டுபோகாதீங்க."

மறுபடி போனோம். அவர் சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது. செயின் சத்தமில்லாமல் வண்டி தெருவுக்குள் போனது. கூலிப் போராட்டம், நில உச்சவரம்புச் சட்டம் என்று வந்ததும் பெரிய வீட்டுக்காரர்கள் இருந்ததை விற்றுக்கொண்டு மெட்ராஸ் போய்விட்டார்கள். பூட்டிய வாசலில் ஆடுகள் படுத்திருந்தன.

தெருக்கோடியில் வண்டியை நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பாய், யாரும் ஒண்ணும் சொல்லலையே?"

"சொல்றதுக்கு அங்க யாரு இருக்கா வாத்தியாரே?"

வண்டியை அவர் விற்கவில்லை. ஆனால் இன்றைக்கும் அந்த முனை வந்தால் அம்சம் பின்னாலிருந்து அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டுவாராம்.